தம்பி மாத்திரையை ஒளித்து வைக்கிறான், எப்படிப் பேசுவது?

பசுந்தாங் அக்கா, ரங்கூன்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல்தான் இங்கே வந்திருக்கிறேன்.

என் தம்பிக்கு 17 வயது. 15 வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது, ஏ.எல்.எல். என்கிற வகை. முதலில் கொடுத்த கடுமையான கீமோ எல்லாம் முடிந்து இப்போது மெயின்டனன்ஸ் கட்டத்தில் இருக்கிறான், நோய் திரும்பி வராமல் இருக்க நீண்ட நாள் மருந்து சாப்பிடுகிற கட்டம். தினமும் ராத்திரி மெர்காப்டோப்யூரின், வாரத்தில் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட், மாதத்தில் 5 நாள் ஸ்டீராய்டு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை முதுகில் ஊசி. இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் பாக்கி இருக்கிறது.

அப்பா இல்லை. அம்மா தோசை வண்டி போடுகிறார், காலை நாலு மணிக்கே எழுந்து போய்விடுவார், ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் அசந்து தூங்கிவிடுவார். நான் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். அதனால் மாத்திரைப் பொறுப்பு என்னுடையது. ஒன்பது மணிக்கு மாத்திரையை அவன் கையில் வைப்பேன். வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பான். நான் பாத்திரம் கழுவப் போய்விடுவேன். 14 மாதமாக இப்படித்தான்.

மூன்று தடவையாக ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு இறங்கவே இல்லை. மருந்து போதவில்லை போலிருக்கிறது என்று டாக்டர் ஒன்றரை மாத்திரையை இரண்டாக ஆக்கினார். எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவனுடைய பள்ளிக்கூட லுங்கியைத் துவைத்தேன், இங்கே எல்லாப் பையன்களும் கட்டுகிற அந்தப் பச்சை லுங்கி. இடுப்பில் முடிச்சுப் போடுகிற இடத்தில் துணி ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. நகத்தால் பிரித்தேன். உள்ளே வெளிர் மஞ்சளாகக் கெட்டியான ஏதோ ஒன்று, ஈர மாவு மாதிரி. சோப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். விரலில் எடுத்துப் பார்த்தபோது ஓரத்தில் பாதி வளைவு அப்படியே இருந்தது, நடுவில் உடைப்பதற்காகப் போட்டிருக்கிற கோடும் தெரிந்தது. குழாயை மூடிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் தேடினேன். காலால் தட்டி விளையாடுகிற சின்லோன் பிரம்புப் பந்து வைக்கிற பையில், காலியான லப்பே (ஊறவைத்த தேயிலை) பொட்டலத்துக்குள், 17 முழு மாத்திரை, 9 அரை மாத்திரை. தூக்கிப் போடக்கூட இல்லை, சேர்த்து வைத்திருக்கிறான். அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

அவனிடம் இன்னும் கேட்கவில்லை. எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் முதலில் அழுவார், பிறகு தூளாக்கிச் சட்னியில் கலந்து கொடுத்துவிடலாம் என்பார். அப்படிச் செய்யலாமா? டாக்டரிடம் சொன்னால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோயின் பெயரை நாங்கள் அவனிடம் சொன்னதில்லை. ரத்தத்தில் கோளாறு, மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். அம்மா சொல்லவே கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.

இந்த வயசுப் பிள்ளையிடம் எப்படிப் பேச வேண்டும்? யாராவது இதைக் கடந்து வந்திருந்தால் சொல்லுங்கள்.


தட்டோன் சயாமா

மகளே, விவரமாகப் பிறகு எழுதுகிறேன். அவசரமானதை மட்டும் இப்போது சொல்கிறேன்.

விட்டுப்போனதை ஈடுகட்டுகிறேன் என்று ஒரு மாத்திரைகூட அதிகமாகக் கொடுக்காதே. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, இத்தனை மாத்திரை உள்ளே போகவில்லை என்று எண்ணிக்கையோடு சொல், இன்று ராத்திரி எவ்வளவு கொடுப்பது என்று கேள். இரண்டு மாத்திரை என்பது, அவன் ஒன்றரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறான் என்று நம்பி எழுதிய அளவு. பாதி நாள் சாப்பிடாமல் இருந்தவன் திடீரென்று தினமும் இரண்டு சாப்பிட்டால் வெள்ளையணு ஒரேயடியாக விழுந்துவிடலாம். உடம்புச் சூடு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு ஓடு.

சிகிச்சையை நிறுத்த மாட்டார்கள். நான் பார்த்தவரை, உண்மையைச் சொன்ன வீட்டை எந்த டாக்டரும் கைவிட்டதில்லை.


மோல்மீன் அம்மா

என் மகளுக்கு 22 வயது. அவளுக்கு வந்தது சி.எம்.எல்., வேறு வகை. தினமும் இமாட்டினிப் மாத்திரை, வருடக்கணக்கில். அவள் ஒளித்து வைக்கவில்லை, ஆனால் விட்டாள். காரணம் தெரிய எனக்கு ஆறு மாதம் ஆனது.

அவளைப் பெண் பார்க்க வருகிறோம் என்று சொந்தத்தில் கேட்டிருந்தார்கள். வீட்டில் யாராவது தங்கினாலே மாத்திரைப் பட்டையை வெளியில் எடுக்க மாட்டாள். சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் தண்ணீரோடு போட வேண்டிய மருந்து அது, இல்லாவிட்டால் குமட்டும். எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடும்போது எடுக்கக் கூச்சம், தனியாக வெறும் வயிற்றில் போட்டால் வாந்தி. அதனால் விருந்தாள் இருக்கிற நாளெல்லாம் மருந்து இல்லை. கண்ணிமை வீங்குகிறதே, வந்தவர்கள் கேட்பார்களே என்ற கவலை வேறு.

கடைசியில் நான்தான் பேச்சுக் கொடுத்தவர்களிடம் நேராகச் சொன்னேன். அந்தச் சம்பந்தம் வரவில்லை. வராதது நல்லதுதான். இப்போது சாப்பாட்டு மேசையில் ஊறுகாய்ப் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே மாத்திரை இருக்கிறது. எங்கள் ஊரில் பம்ளிமாஸ் மலிவு, அதை மட்டும் டாக்டர் விடச் சொன்னார். அந்த வகைப் பழங்கள் இந்த மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடுமாம்.

உன் தம்பிக்கும் ஏதோ ஒரு காரணம் இருக்கும் அம்மா. திட்டாதே, முதலில் அதைக் கண்டுபிடி.


பெகு நாகம்

அக்கா, எனக்கு இப்போது 26 வயது. உங்கள் தம்பிக்கு வந்த அதே ஏ.எல்.எல். எனக்கு 17 வயதில் வந்தது. மருந்து முடிந்து ஆறு வருடம் ஆகிறது. நானும் மாத்திரையைத் துப்பியவன்தான். அதனால் அவன் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், கோபப்பட வேண்டாம்.

முதலில் ஒன்று, அவன் மறக்கவில்லை. மறந்துபோகிறவன் மாத்திரையைப் பட்டையிலேயே விட்டுவிடுவான். லுங்கி முடிச்சில் சொருகுகிறவன் ஒவ்வொரு ராத்திரியும் யோசித்துத்தான் செய்கிறான். அதனால் அலாரம் வைக்கிறேன், டப்பா வாங்குகிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள். எனக்கும் அலாரம் வைத்தார்கள். கரண்டு இல்லாமல் போன் செத்துக் கிடந்த நாளெல்லாம் எனக்கு நல்ல சாக்காகிவிட்டது.

ஏன் விட்டேன் என்று இப்போது யோசித்தால் மூன்று காரணம் தெரிகிறது. அப்போது கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

கீமோ ஓடியபோது எனக்கு உடம்பு முடியாமல் இருந்தது, மருந்து வேண்டும் என்று உடம்பே சொன்னது. மெயின்டனன்ஸ் வந்ததும் முடி முளைத்துவிட்டது, பந்து விளையாடுகிறேன், பசி எடுக்கிறது. நாள் முழுக்க நான் மற்ற பையன்களைப் போலத்தான். ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த மாத்திரையைப் பார்க்கும்போது மட்டும் மறுபடி நோயாளி. அதைப் போடாத ராத்திரியில் நான் நோயாளி இல்லை. அவ்வளவுதான் கணக்கு. சிரிப்பாக இருக்கும், ஆனால் 18 வயதில் அது ரொம்ப நியாயமாகத் தெரிந்தது.

இரண்டாவது டீக்கடை. வெறும் வயிற்றில் போட வேண்டும், பாலோடு சேரக் கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். பெகுவில் எங்கள் செட்டு ஏழரை மணிக்கு டீக்கடையில் கூடும். ஃபுட்பால் மேட்ச், பால் டீ, சமோசா. பத்து மணிக்குத்தான் கலையும். ஒன்பது மணி மாத்திரைக்காக நான் ஏழு மணியிலிருந்தே எதையும் தொடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டிலேயே கிடக்க வேண்டும். இதில் எது போகும்? மாத்திரைதான் போகும்.

பல வருடம் கழித்துத்தான் ஒரு விஷயம் படித்தேன். அமெரிக்காவில் ஸ்மிதா பாட்டியா என்ற மருத்துவரின் குழு, இந்த மெர்காப்டோப்யூரினைப் பிள்ளைகள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறது. பாட்டில் மூடிக்குள் ஒரு சில்லு, திறக்கிற ஒவ்வொரு தடவையும் நேரத்தைப் பதிந்துவிடும். 2017இல் அந்த ஆய்விலிருந்து வந்த கட்டுரையில், சாப்பாட்டோடு போட்டாலும் சாப்பிடாமல் போட்டாலும், பாலோடு போட்டாலும் இல்லாவிட்டாலும் நோய் திரும்புவதில் வித்தியாசம் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். போடுகிறார்களா இல்லையா என்பதில்தான் வித்தியாசமே. நீங்களாக எதையும் மாற்றாதீர்கள், ஆனால் டாக்டரிடம் இதைக் கேளுங்கள். இந்த ஒரு பால் டீ விஷயத்துக்காகவே நான் எத்தனையோ ராத்திரி மருந்தை விட்டிருக்கிறேன்.

மூன்றாவது, என் அப்பா. நல்ல மனுஷன். படுத்த இடத்திலிருந்தே "போட்டியாடா?" என்று கேட்பார். அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு, "ம்". இல்லை என்று சொன்னால் வீடு முழுக்க விழித்துக்கொள்ளும், பாட்டி அழும், அப்பா முனீஸ்வரன் பேரைச் சொல்லிச் சத்தியம் கேட்பார். முதல் நாள் பொய் சொல்லக் கஷ்டமாக இருந்தது. பத்தாவது நாள் அது பொய்யாகவே தெரியவில்லை.

இதிலிருந்து நான் திரும்பியது ஒரு சயாமாவால், நர்ஸை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். இளம் வயசுதான், என்னைவிட ஏழெட்டு வயது பெரியவராக இருந்திருப்பார். ரத்தம் எடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அப்பா மருந்துச் சீட்டு வாங்க வெளியே போயிருந்தார். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேட்டார். போட்டியா என்று கேட்கவில்லை. எத்தனை நாள் என்றுதான் கேட்டார், எல்லோருக்கும் விட்டுப்போகும் என்கிற மாதிரி. நான் என்னையறியாமல் "நாலு" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. 4 என்று எழுதினார். "அதற்கு முந்தின வாரம்?" "மூன்று இருக்கும்." 3 என்று எழுதினார். அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டு, "எந்த நேரம் உனக்குக் கஷ்டமில்லை?" என்று கேட்டார். ஒன்றரை வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

அன்றைக்குத்தான் என் நோயின் பெயரையும் அவர் வாயால் கேட்டேன். எனக்கு முன்பே தெரியும். வீட்டில் ரத்தச் சோகை என்று சொல்லி வைத்திருந்தார்கள். இரண்டு வருடம் அந்த வார்டுக்குப் போய் வந்தவனுக்கு, பக்கத்துக் கட்டில் காலியானதைப் பார்த்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா அக்கா? அவர்கள் எனக்குத் தெரியாது என்று நடித்தார்கள், நானும் தெரியாத மாதிரி நடித்தேன். ரத்தச் சோகைக்கு ஒரு ராத்திரி மாத்திரை விட்டால் என்ன ஆகிவிடும்? வீட்டில் சொன்ன அந்தப் பெயரையே சாக்காக வைத்துக்கொண்டேன்.

அப்புறம் நான் செய்தது இதுதான். மெத்தோட்ரெக்சேட் போடுகிற நாளை நானே தேர்ந்தெடுத்தேன். நான் சனிக்கிழமை பிறந்தவன், பிறந்த கிழமைக்கு ஒரு விலங்கு என்கிற நம் ஊர்க் கணக்கில் நாகம். அதனால் சனிக்கிழமைதான் நாகத்துக்குத் தீனி. 12 சின்ன மஞ்சள் மாத்திரை, ஒரே வாயில். அதை நான் ஒரு வாரம்கூட விட்டதில்லை. மெர்காப்டோப்யூரினைச் சாயங்காலம் டீக்கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால், முகம் கழுவி முடித்த கையோடு போட டாக்டர் ஒத்துக்கொண்டார். சுவரில் காலண்டர், விட்டுப்போன நாளில் மட்டும் நானே ஒரு கோடு போடுவேன். போட்ட நாளுக்குக் குறி கிடையாது. அந்தக் கோட்டைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது, மாதக் கடைசியில் சயாமாவிடம் நானே காட்டுவேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு அதுதான் ரொம்பக் கஷ்டம். காலண்டர் பக்கம் பார்க்காமல் நடந்து போவார் பாவம்.

கோடு உடனே நின்றுவிடவில்லை. முதல் மாதம் 5, அடுத்த மாதம் 2. ஸ்டீராய்டு நாட்களில்தான் அதிகம் விட்டுப்போகும். அந்த ஐந்து நாளும் காரணமில்லாமல் எரிச்சல் வரும், மறுநாளே அழுகை வரும். முகம் உப்பிப் பரு வந்துவிடும், கண்ணாடி பார்க்கப் பிடிக்காது. அந்த நாட்களில் அவன் கத்தினால் பதிலுக்குக் கத்தாதீர்கள்.

சேர்த்து வைத்திருக்கிறானே, ஏன் என்று கேட்டீர்கள். நானும் தூக்கிப் போடவில்லை. ஒரு பழைய சாக்ஸுக்குள் வைத்திருந்தேன். காசு கொடுத்து வாங்கிய மருந்து, அப்பா மூட்டை தூக்கிச் சம்பாதித்தது. குப்பையில் போட மனசு வரவில்லை.


பசுந்தாங் அக்கா, ரங்கூன்

தம்பி, நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். கடைசி வரியில் கண்ணாடி நனைந்துவிட்டது. நான்தான் அந்த "போட்டியா" கேட்கிற ஆள்.

சயாமா, போன் பண்ணிவிட்டேன். இன்று பழைய அளவில் ஒன்றரை மட்டும் கொடுக்கச் சொன்னார்கள், வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள், மாத்திரைகளையும் எடுத்து வரச் சொன்னார்கள். யாரும் திட்டவில்லை. சட்னி விஷயம் மட்டும் சொல்லுங்கள், அம்மா எப்படியும் கேட்பார்.


தட்டோன் சயாமா

நல்லது மகளே. 31 வருடம் வார்டில் இருந்தவள், சொல்கிறேன் கேள்.

சட்னியில் கலப்பது கூடவே கூடாது. இது செல்லைக் கொல்லுகிற மருந்து. தூளாக்கினால் காற்றில் பறக்கும், அம்மியில் ஒட்டும், அதே கையால் அம்மா வண்டியில் நூறு பேருக்குத் தோசை ஊற்றுகிறார். மாத்திரையை உடைக்கும்போதுகூடக் கையுறை போட வேண்டும், கையைக் கழுவ வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் தொடவே கூடாது. லுங்கியில் இருந்ததை வெறும் விரலால் எடுத்தேன் என்று எழுதியிருக்கிறாய், இனி அப்படிச் செய்யாதே. அந்த லுங்கியை மற்ற துணியோடு சேர்க்காமல் தனியாக இன்னொரு தடவை அலசு. வீணான மாத்திரையைக் கழிவறையில் போடாமல் ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடு.

அது ஒரு பக்கம். ஒருநாள் அவன் சட்னியில் கசப்பைக் கண்டுபிடித்தால் அதற்கப்புறம் உங்கள் வீட்டில் ஒரு வாய் சோறு நம்பிச் சாப்பிட மாட்டான். எடை குறைந்தால் மருந்தளவும் மாறும். எல்லாம் சிக்கலாகிவிடும்.

எவ்வளவு விட்டால் ஆபத்து என்று அம்மா கேட்பார். பெகு தம்பி சொன்ன அதே குழு 2012இல் வெளியிட்ட கணக்கில், கொடுத்த மருந்தில் 100க்கு 95க்குக் கீழே சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்பி வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. 95 என்றால் ஏதோ பெரிய இடைவெளி என்று நினைக்காதே. 30 நாளில் இரண்டு நாள் விட்டாலே 93தான். அந்த ஆய்விலும் வளர்ந்த பிள்ளைகள்தான் சின்னப் பிள்ளைகளைவிட அதிகம் விட்டார்கள். சின்னப் பிள்ளைக்குத் தாய் ஊட்டுகிறாள், பெரியவன் கையில் நாம் கொடுத்துவிட்டுப் போகிறோம். இன்னொன்று, சாப்பிட்டோம் என்று வாயால் சொன்ன கணக்கு, மூடி காட்டிய கணக்கைவிடக் கூடுதலாகவே இருந்தது. உன் தம்பி ஒருவன் மட்டும் பொய் சொல்லவில்லை.

இந்தக் கணக்கை அவனிடம் பயமுறுத்தலாகச் சொல்லாதே. டாக்டர் சொல்லட்டும், அதுவும் அவனிடம் தனியாக. வியாழக்கிழமை நீயே கேள், "நான் பத்து நிமிஷம் வெளியே இருக்கிறேன், அவனிடம் பேசுங்கள்" என்று. 17 வயதுப் பையனுக்கு அக்கா முன்னால் கேட்க முடியாத கேள்விகள் இருக்கும். எனக்குக் குழந்தை பிறக்குமா, பீர் குடிக்கலாமா, ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது. என் வார்டில் ஒரு பையன் ஒன்றரை வருடம் மனசுக்குள் வைத்திருந்து, கதவு சாத்தியதும் கேட்டது முதல் கேள்விதான். அதற்குப் பதில் கிடைத்த பிறகு அவன் மருந்தை விடவில்லை.

டாக்டருக்கு உண்மை எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெயின்டனன்ஸில் அளவை ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் ஏற்றி இறக்குவார்கள். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு 500க்கும் 1500க்கும் நடுவில் நிற்க வேண்டும் என்பது பல இடத்தில் வைத்திருக்கிற அளவு. இறங்கவில்லை என்றால் ஏற்றுவார்கள். நம் பக்கத்து மக்களில், அதிகமாகக் கிழக்காசிய, தென்கிழக்காசிய ரத்தத்தில், என்.யு.டி.டி.15 என்ற மரபணு மாறியிருப்பவர்கள் உண்டு. அவர்களுக்குச் சாதாரண அளவே தாங்காது. இவனுக்கு எந்த அளவு தாங்கும் என்பது, அவன் சாப்பிட்டால்தானே டாக்டருக்குத் தெரியும்?

அம்மா சத்துக்கென்று டானிக், வைட்டமின் வாங்கிக் கொடுக்கிறாரா? ஃபோலிக் ஆசிட் கலந்திருந்தால் மெத்தோட்ரெக்சேட்டின் வேலையைக் கெடுக்கலாம், பாட்டிலை வியாழக்கிழமை எடுத்துப் போய்க் காட்டு. நாட்டு மருந்தும் அப்படியே. மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரே நாள் என்பதில் மட்டும் யாரும் குழம்பக் கூடாது, தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.

அவனுக்கு விளையாட்டுப் பிடிக்குமானால் இதையும் சொல்: 2008இல் ஒரு ஆய்வு வந்தது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் 34 மருத்துவமனை, 13 முதல் 29 வயது வரை 375 பேர். ரீமிஷன் என்ற வீடியோ கேம், ரத்தத்துக்குள் போய்ப் புற்று அணுக்களைச் சுட வேண்டும். அதை விளையாடியவர்கள் மற்றவர்களைவிட ஒழுங்காக மருந்து சாப்பிட்டார்கள். மருந்து உள்ளே போய் என்ன செய்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தால் பிள்ளைகள் விழுங்குகிறார்கள் என்றுதான் நான் புரிந்துகொண்டேன். நோயின் பெயரையே சொல்லாத வீட்டில் அது எப்படித் தெரியும் மகளே? அம்மாவிடம் செய்த சத்தியத்தை மீறச் சொல்லவில்லை. அம்மாவையும் வியாழக்கிழமை கூட்டிப் போ.


பசுந்தாங் அக்கா, ரங்கூன்

இரண்டு வாரம் ஆகிவிட்டது, எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

வியாழக்கிழமை அம்மா வண்டி போடவில்லை. மூன்று பேரும் போனோம். போவதற்கு முந்தின ராத்திரி தம்பியிடம் நான் பேசினேன். பெகு தம்பி எழுதியபடியே கேட்டேன், "இந்த மாதம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அதுதான் கஷ்டமாக இருந்தது. ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் எழுந்து போய்ப் பந்துப் பையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தான். "எண்ணிட்டதானே, பொட்டலத்தை மடிச்ச விதம் மாறியிருந்துச்சு" என்றான்.

நோயின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. "ஃபைலை யார் படிக்கிறா?" என்று கேட்டான்.

அது எனக்கு உறைத்தது. அம்மா பர்மிய மொழி பேசுவார், எழுத்துத் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு நான் லீவு போட முடியாத நாளெல்லாம் அவர்கள் இரண்டு பேர்தான் போவார்கள். பலகையில் எழுதியிருப்பது, சீட்டில் எழுதியிருப்பது எல்லாவற்றையும் அவன்தான் அம்மாவுக்குப் படித்துச் சொல்வான். வார்டு வாசலிலேயே கின்சா, அதாவது புற்றுநோய், என்று பர்மிய மொழியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. முதல் நாளே படித்துவிட்டான். "அம்மா அது என்ன எழுத்துன்னு கேட்டாங்க. ரத்தப் பிரிவுன்னு சொன்னேன்" என்றான். 15 வயதில். நாங்கள் அவனுக்கு மறைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம், அவன் அம்மாவுக்கு மறைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

மாத்திரை ஏன் என்று கேட்டேன். போட்டால் காலையில் வாய் கசக்கிறதாம், அந்த வாயோடு அம்மா கொடுத்தனுப்புகிற தோசையைச் சாப்பிட முடியவில்லையாம், டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்தால் அம்மா முகம் வாடுகிறதாம். இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று எனக்கு ஆயிரம் வருடம் யோசித்தாலும் தோன்றியிருக்காது.

டாக்டர் அவனிடம் 20 நிமிஷம் தனியாகப் பேசினார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அம்மாவிடம் நானும் டாக்டரும் சேர்ந்து சொன்னோம். அழுதார். பிறகு தம்பி கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். அளவை ஒன்றரைக்கே இறக்கிவிட்டார்கள், வாரம் ஒரு தடவை ரத்தம் பார்க்கிறோம். நேற்று நியூட்ரோஃபில் 1700, இறங்க ஆரம்பித்திருக்கிறது. டானிக் பாட்டிலை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். காலையில் தோசை இல்லை, மொய்ங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) போதும் என்று அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சேர்த்து வைத்திருந்த மாத்திரைகளைப் பொட்டலத்தோடு அவனே ஆஸ்பத்திரி சயாமா கையில் கொடுத்தான். காலண்டரில் இரண்டு வாரத்தில் ஒரு கோடு. நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை, ஆனால் பெருக்கும்போது கண்ணில் பட்டுவிட்டது.

அவன் செவ்வாய்க்கிழமை பிறந்தவன், சிங்கம். பெகு தம்பி எழுதியதை அவனிடம் காட்டினேன். மெத்தோட்ரெக்சேட்டை வெள்ளிக்கிழமையிலிருந்து செவ்வாய்க்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்கப் போகிறானாம். நடுவில் எத்தனை நாள் இடைவெளி விட வேண்டும் என்பதையும் அவரே சொல்லட்டும் என்கிறான்.

பெகு தம்பி, ஒரு உதவி. அவன் உங்களோடு பேச வேண்டும் என்கிறான். என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிற ஏதோ ஒன்று கேட்க வேண்டுமாம். வைபரில் பேசலாமா? உங்களுக்கு எந்த நேரம் கஷ்டமில்லை என்று சொல்லுங்கள்.


பெகு நாகம்

பேசலாம் அக்கா. சாயங்காலம் ஆறரைக்கு மேல் எப்போது வேண்டுமானாலும். டீக்கடையில்தான் இருப்பேன், எழுந்து வெளியே வந்து பேசுகிறேன். நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன், அவனையே கூப்பிடச் சொல்லுங்கள்.